ஜனவரியும் நவம்பரும் ஒரே ஃபோல்டரில்

ஆடிட்டர் அலுவலகங்களிலும், வரி ஆலோசகர்களின் மாடி அறைகளிலும், மொத்த வியாபாரக் கடைகளில் கல்லாவுக்குப் பின்னாலும் உட்கார்ந்து டேலி போடுகிற அனைவருக்கும்,



மார்ச் 31 எப்படிப்பட்ட நாள் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே நாளை 2011 முதல் ‘உலக பேக்கப் தினம்’ என்று சிலர் கொண்டாடி வருகிறார்கள். ஏப்ரல் முதல் தேதி ஏமாளியாக நிற்காமல் இருக்க, முதல் நாளே நகல் எடுத்துக்கொள் என்பது அவர்களுடைய வேடிக்கை. இந்தியாவின் நிதியாண்டை மனத்தில் வைத்து குறித்த தேதி இல்லை அது. ஆனாலும் உங்கள் மேசைக்கு இதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது. இந்த மடலுக்கும் அதுவே சாக்கு.

உங்களில் பெரும்பாலோர் பேக்கப் எடுக்கிறீர்கள். எடுப்பதில்லை என்று குறை சொல்ல இந்த மடல் வரவில்லை. எடுத்ததற்கு வைக்கும் பெயரில்தான் சிக்கல் தொடங்குகிறது. பென்டிரைவைச் செருகித் திறந்தால் ‘டேலி பேக்கப்’, ‘டேலி பேக்கப் புதுசு’, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் ஃபைனல்’, ‘சார் கேட்டது’ என்று வரிசையாக நிற்கும். வாடிக்கையாளர் ஒருவர் வந்து, போன மாதம் இருபதாம் தேதி வரைக்கும் சரியாக இருந்த கையிருப்பு இப்போது ஏன் உதைக்கிறது என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரிசையில் இருபதாம் தேதி எது? எல்லாவற்றையும் திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை. தேதி போடாத வவுச்சரை நீங்கள் கணக்கில் ஏற்ற மாட்டீர்கள். தேதி போடாத பேக்கப்பை மட்டும் எப்படியோ ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள்.

தேதி போட்டு நகல் எடுக்கும் வேலையைக் கணினியே தினமும் செய்ய ஒரு பழைய வழி உண்டு. அதன் பெயர் பேட்ச் ஃபைல். கருப்புத் திரையில் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டிய கட்டளைகளை நோட்பேடில் வரிசையாக எழுதி, பெயரின் வாலில் புள்ளி பேட் என்று வைத்துச் சேமித்தால் தீர்ந்தது. 1981-இல் ஐபிஎம் பிசியோடு வந்த டாஸ் காலத்திலிருந்து இன்றைய விண்டோஸ் 11 வரை இது ஓடுகிறது. தனியாக மென்பொருள் வாங்க வேண்டாம், சந்தா கட்ட வேண்டாம். பத்து வரிக்குள் முடிந்துவிடும். கடைக்கு வந்து கணினி பார்த்துக்கொடுக்கும் பையனிடம் சொன்னால் டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவான்.

அங்கேதான் கவனம் வேண்டும். டீ ஆறுவதற்குள் எழுதிய பத்து வரி, அதற்குப் பிறகு பல வருடம் யாருடைய கண்ணிலும் படாமல் ஓடப்போகிறது.

முதல் வம்பு தேதியில். பேட்ச் ஃபைலுக்குள் இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே ‘டேட்’ என்று எழுதினால் அன்றைய தேதி அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். விண்டோஸ் 2000 காலத்தில் வந்த வசதி. ஆனால் அது எந்த வடிவத்தில் உட்காரும் என்பதைத் தீர்மானிப்பது, கன்ட்ரோல் பேனலில் எந்த நாட்டைத் தேர்ந்திருக்கிறீர்கள் என்பது. இந்தியா என்று இருந்தால் 2025 மார்ச் 4 என்பது ‘04-03-2025’ என்று வரும். கடையில் விண்டோஸ் போட்டுக்கொடுத்தபோது அமெரிக்கா என்றே விட்டிருந்தால், முன்னால் கிழமையின் மூன்றெழுத்துச் சுருக்கம், பிறகு ஓர் இடைவெளி, பிறகு ‘03/04/2025’. மாதம் முன்னால், நாள் பின்னால், நடுவே சாய்கோடு. விண்டோஸ் ஃபைல் பெயரில் சேர்க்கக்கூடாத ஒன்பது குறிகளில் இந்தச் சாய்கோடும் ஒன்று. அப்படியே பெயரில் வைத்தால், அது ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று நினைத்துக்கொண்டு கணினி குழம்பும்.

இதற்காக, தேதியில் இத்தனையாவது எழுத்திலிருந்து இத்தனை எழுத்தை வெட்டி எடு என்று பேட்ச் ஃபைலில் சொல்லலாம். அமெரிக்க வடிவத்துக்கு எழுதப்பட்டு ஊர் ஊராகச் சுற்றும் ஒரு வரி இருக்கிறது. பத்து எழுத்தைத் தாண்டி நான்கு எழுத்து வெட்டினால் ஆண்டு. நான்கைத் தாண்டி இரண்டு வெட்டினால் மாதம். ஏழைத் தாண்டி இரண்டு வெட்டினால் நாள். அமெரிக்க அமைப்பில் அச்சாகப் பொருந்தும். அதையே இந்திய அமைப்பில் இருக்கும் உங்கள் கணினியில் ஒட்டினால் என்ன ஆகும்? ஒரு காகிதத்தில் ‘04-03-2025’ என்று எழுதி விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். மொத்தமே பத்து எழுத்துதான். ஆகவே ஆண்டின் இடத்தில் வெற்றிடம். மாதத்தின் இடத்தில் ‘3-’. நாளின் இடத்தில், ஆண்டின் நடுவிலிருந்து வெட்டுப்பட்ட ‘02’.

இதில் வேதனை என்னவென்றால், பிழைச் செய்தி எதுவும் வராது. ஃபோல்டர் உருவாகும், நகலும் நடக்கும். அடுத்த நாளும் அதே பெயர், அதற்கடுத்த நாளும் அதே பெயர். மார்ச் மாதம் முழுக்க ஒரே ஃபோல்டரில் முப்பத்தொரு முறை மேலே மேலே எழுதப்படும். மாதத்தின் இரண்டாவது இலக்கம் மட்டுமே பெயரில் நிற்பதால் 01-க்கும் 11-க்கும் வேறுபாடு கிடையாது. நவம்பர் வந்ததும் ஜனவரியின் மேல் எழுதும். டிசம்பர் வந்ததும் பிப்ரவரியின் மேல். தினமும் பேக்கப் நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த அலுவலகத்தில், வருடக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் பத்தே பத்து ஃபோல்டர்கள்.

நேரத்தையும் சேர்த்துப் பெயர் வைக்கலாம் என்று தோன்றும். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. காலை பத்து மணிக்கு முன்னால் விண்டோஸ் மணியை ‘09’ என்று தருவதில்லை. ஒரு வெற்றிடம் விட்டு ‘9’ என்று தரும். மேற்கோள் குறி போடாமல் எழுதிய பேட்ச் ஃபைலில் அந்த வெற்றிடம் பெயரை இரண்டாகப் பிளந்துவிடும். ஒன்றுக்கு இரண்டு ஃபோல்டர்கள் உருவாகும், அதிலொன்று எங்கேயோ போய்க் கிடக்கும். எழுதிக் கொடுத்த பையன் மாலையில் சோதித்துப் பார்த்திருப்பான். மாலையில் அது ஒழுங்காகத்தான் ஓடியிருக்கும். ஒன்பதரைக்குக் கடை திறந்ததும் கெட்டுப்போகிற, பத்து மணிக்குத் தானாகச் சரியாகிவிடுகிற பிழையைக் கண்டுபிடிக்க தனிப் பொறுமை வேண்டும்.

எந்த நாட்டு அமைப்பிலும் மாறாத தேதியைப் பெற வழி இருக்கிறது. நெடுநாள் ‘டபிள்யூமிக்’ என்ற கருவியைக் கேட்டுத் தேதி வாங்கினார்கள். அதைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2021-இல் அறிவித்துவிட்டது. புதிய விண்டோஸ் 11 கணினிகளில் இயல்பாக அது இருப்பதில்லை. ஆகவே பழைய கணினியில் பல வருடம் ஓடிய ஸ்கிரிப்ட் புதுக் கணினிக்கு மாறியதும் தேதியே இல்லாத பெயர்களை வைக்கத் தொடங்கலாம். இன்றைக்குச் சரியான வழி, பேட்ச் ஃபைலுக்குள்ளிருந்தே பவர்ஷெல்லைக் கூப்பிட்டு, ஆண்டு நான்கு இலக்கம், மாதம் இரண்டு, நாள் இரண்டு என்று வடிவம் சொல்லித் தேதி கேட்பது. அப்படிக் கேட்கும்போது மாதத்துக்குப் பெரிய எம் போட வேண்டும். சின்ன எம் போட்டால் மாதத்துக்குப் பதில் நிமிடம் வரும். 2025-47-04 என்று ஒரு ஃபோல்டரைப் பார்த்தால் நாற்பத்தேழாவது மாதம் எது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சின்ன எம்மைத் தேடுங்கள்.

ஆண்டை ஏன் முன்னால் வைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். காசோலையிலும் பில்லிலும் நாளைத்தானே முதலில் எழுதிப் பழகியிருக்கிறோம். பழக்கம் சரிதான். ஆனால் கணினி பெயர்களை இடமிருந்து வலமாக எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு அடுக்கும். நாள் முன்னால் இருந்தால் ஏப்ரல் ஒன்றும் மே ஒன்றும் ஜூன் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். ஆண்டு, மாதம், நாள் என்று எழுதினால் பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும். 1988-இல் வெளியான ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தர அளவு இந்த முறையைத்தான் சொல்கிறது. நம் பஞ்சாங்கத்தின் ஆண்டுப் பெயர்களில் இருக்கும் சங்கடத்தை யோசித்தால் இது எளிதாகப் புரியும். விசுவாவசு என்று மட்டும் எழுதிவைத்தால் 1965-இல் பிறந்ததா 2025-இல் பிறந்ததா என்று தெரியாது. அறுபது வருடத்தில் பெயர் சுற்றி வந்துவிடுகிறது. திங்கள், செவ்வாய் என்று கிழமைப் பெயரில் ஃபோல்டர் வைப்பவர்களுக்கோ ஏழே நாளில் சுற்றி வந்துவிடுகிறது.

இவ்வளவும் கணினியின் கடிகாரம் சரியாக இருந்தால்தான். பழைய மேசைக் கணினிகளின் மதர்போர்டில் வட்டமாக ஒரு சில்லறைக் காசு அளவு பேட்டரி இருக்கும். அது தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் தேதி எங்கோ பழைய வருடத்துக்குப் போய்விடும். பிரவுசர் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று அடம்பிடிக்கும், ஜிஎஸ்டி தளம் திறக்காது. அதைப் பார்த்துக் கடிகாரத்தைக் கையால் சரி செய்துவிட்டு வேலையைப் பார்ப்பீர்கள். அதற்கு முன் ஓடிமுடித்த பேட்ச் ஃபைல், இன்றைய கணக்குக்குப் பழைய வருடத்தின் முத்திரையைக் குத்திவிட்டுப் போயிருக்கும். ஐம்பது ரூபாய் பேட்டரியை மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி நகல் எடுக்கும் வேலை. டாஸ் காலத்து ‘காப்பி’, ‘எக்ஸ்காப்பி’ கட்டளைகளைவிட ‘ரோபோகாப்பி’ நல்லது. 1990களில் விண்டோஸ் என்டி நிர்வாகிகளுக்கான கருவிப்பெட்டியில் தனியாகக் கிடைத்த இது, விஸ்டாவிலிருந்து எல்லா விண்டோஸிலும் உள்ளேயே வருகிறது. பெயரில் ரோபோ இருந்தாலும் எந்திர மனிதனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. உறுதியான என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம்.

உறுதி என்றால் சாதாரண உறுதி இல்லை. டேலி திறந்திருந்து ஒரு ஃபைலை எடுக்க முடியாமல் போனால், முப்பது விநாடி காத்திருந்து மறுபடி முயலும். எத்தனை முறை? நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் பத்து லட்சம் முறை. கணக்கு உங்கள் கைவந்த கலை; பெருக்கிப் பாருங்கள். மூன்று கோடி விநாடி என்பது 347 நாள். திறந்திருக்கும் ஒற்றை ஃபைலுக்காகக் கிட்டத்தட்ட ஒரு நிதியாண்டு முழுக்க வாசலில் நிற்கும். ஆகவே இரண்டு முறை, ஐந்து விநாடி என்று எழுதிவிட வேண்டும். அதைவிட முக்கியம், டேலியை மூடிவிட்டு பேக்கப்பை ஓடவிடுவது. எண்களைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்களில் டேலி வைத்திருக்கும் ஃபைல்கள் ஒன்றோடொன்று பின்னியவை. பாதி எழுதும்போது எடுத்த நகலைத் திறக்கும்போது என்ன வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

ரோபோகாப்பிக்கு இன்னொரு விசித்திரம். பொதுவாக ஒரு நிரல் வேலையை முடித்து ‘0’ என்று திருப்பினால் வெற்றி, வேறு எண் என்றால் கோளாறு. ரோபோகாப்பி மட்டும், புதிதாக ஃபைல்களை நகலெடுத்து எல்லாம் நல்லபடி முடிந்தால் ‘1’ என்று சொல்லும். ‘0’ என்றால் நகலெடுக்க எதுவுமே இல்லை என்று பொருள். எட்டும் அதற்கு மேலும்தான் உண்மையான தோல்வி. இது தெரியாமல் டாஸ்க் ஷெட்யூலரில் ‘1’ஐப் பார்த்து பதறுபவர்கள் உண்டு. அதைவிட மோசம், எப்போதும் ஏதோ எண் காட்டுகிறது என்று பழகிப்போய் எட்டு வந்த நாளில் கவனிக்காமல் விடுவது.

பென்டிரைவுக்கு எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பென்டிரைவ்கள் பலவற்றில் இருக்கும் ஃபேட் முறை, ஃபைல் கடைசியாக மாறிய நேரத்தை இரண்டு விநாடிக்கு ஒரு முறைதான் குறித்துக்கொள்ளும். ஹார்ட்டிஸ்கில் இருக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் ஒரு விநாடி உதைக்கும். மாறாத ஃபைலையும் மாறியதாக நினைத்து ரோபோகாப்பி தினமும் முழுவதையும் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கும். இரண்டு விநாடியைப் பொருட்படுத்தாதே என்று சொல்ல அதற்கே ஒரு சொடுக்கு, அதாவது கட்டளையின் வாலில் சேர்த்து எழுதும் ஒரு சொல், இருக்கிறது.

‘மிரர்’ என்ற சொடுக்கைப் பற்றி மட்டும் குரலை உயர்த்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மூலத்தில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே மறுபக்கத்தில் பிரதிபலிக்கும் என்பதால் அந்தப் பெயர். மூலத்தில் இல்லாததை மறுபக்கத்திலிருந்து அழித்துவிடும். காலையில் யாரோ கைதவறி ஒரு கம்பெனியின் ஃபோல்டரை அழித்துவிட்டால், இரவு பேட்ச் ஃபைல் விசுவாசமாக பேக்கப்பிலும் அதை அழித்துத் தரும். தேதியிட்ட புது ஃபோல்டருக்குத்தான் நகலெடுக்கிறீர்கள் என்றால் மிரருக்கு அங்கே வேலையே இல்லை. மூலம், இலக்கு இரண்டையும் இடம் மாற்றி எழுதிவிட்டால் என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டாம் என்று நினைக்கிறது இந்த மடல்.

எழுதியாயிற்று; இனி தினமும் ஓடவைக்க வேண்டும். டாஸ்க் ஷெட்யூலரில் இரவு பதினொரு மணி என்று குறித்துவிட்டு, ஆறரைக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் அலுவலகங்கள் ஏராளம். தவறவிட்ட வேலையை அடுத்து கணினி எழுந்ததும் செய் என்று ஒரு பெட்டி உண்டு. இயல்பாக அது டிக் ஆகியிருக்காது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மின்சாரம் நிறுத்தும் நாளில், மடிக்கணினி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தாலும் வேலை தொடங்காது. மின் இணைப்பில் இருந்தால் மட்டும் தொடங்கு என்ற நிபந்தனை முன்கூட்டியே டிக் ஆகியிருப்பதுதான் காரணம். பக்கத்து அறைக் கணினியை இசட் டிரைவ் என்று இணைத்து வைத்திருப்பீர்கள். அந்த இசட், உள்நுழைந்து உட்கார்ந்திருக்கும் ஆளுக்குச் சொந்தம். யாரும் உள்நுழையாத நேரத்தில் ஓடும் வேலைக்கு இசட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. டிரைவ் எழுத்துக்குப் பதில் அந்தக் கணினியின் பெயரோடு முழு முகவரியை எழுத வேண்டும்.

தினமும் ஒரு ஃபோல்டர் என்றால் இடம் நிறையும். உடனே ‘முப்பது நாளுக்கு முந்தையதை அழித்துவிடு’ என்று ஒரு வரி சேர்க்கப்படும். இந்த மடல் எழுதப்பட்டதே அந்த ஒரு வரிக்காகத்தான்.

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே இருந்தது சூப்பர் கம்ப்யூட்டர். பேக்கப் ஸ்கிரிப்டை எழுதிப் பராமரித்தது ஹியூலெட் பக்கார்ட் நிறுவனத்தின் ஜப்பான் பிரிவு. டீ ஆறுவதற்குள் எழுதுகிறவர்கள் இல்லை. பத்து நாளுக்கு மேல் பழசான பதிவு ஃபைல்களை அழிக்கும் ஒரு பகுதி அந்த ஸ்கிரிப்டில் இருந்தது. படிக்க எளிதாக இருக்கட்டும் என்று அதிலிருந்த பெயர்களை மாற்றித் திருத்தினார்கள். பழைய ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் புதியதை எழுதிவிட்டார்கள். ஓடிக்கொண்டிருந்தது பாதியிலிருந்து புதிய வரிகளைப் படிக்கத் தொடங்கியது. எந்த ஃபோல்டரில் அழிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டிய பெயர் காலியாக இருந்தது. பதிவு ஃபைல்களுக்குப் பதிலாக ஆராய்ச்சியாளர்களின் தரவு அழிய ஆரம்பித்தது. டிசம்பர் 14-லிருந்து 16-க்குள் 77 டெராபைட், சுமார் 3 கோடியே 40 லட்சம் ஃபைல்கள் போயின. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றில் 4 குழுக்கள் இழந்ததை மீட்கவே முடியவில்லை. முழுப் பொறுப்பும் தங்களுடையது என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. அழித்தது வைரஸ் இல்லை, திருடன் இல்லை. பேக்கப் ஸ்கிரிப்ட்.

அங்கே ஓடியது லினக்ஸ் என்ற வேறு இயங்குதளம், நமக்கென்ன என்று ஒதுக்கிவிட முடியாது. விண்டோஸும் பேட்ச் ஃபைலை முழுதாகப் படித்து வைத்துக்கொண்டு ஓட்டுவதில்லை. ஒரு வரியை முடித்ததும் விட்ட இடத்திலிருந்து அடுத்த வரியை ஃபைலில் போய்ப் படிக்கிறது. ஓடும்போது நோட்பேடில் திறந்து நான்கு எழுத்து சேர்த்துச் சேமித்தால், அடுத்த வரியின் நடுவிலிருந்து படிக்கத் தொடங்கும். கியோட்டோவில் நடந்தது உங்கள் மேசையிலும் நடக்கலாம். பெயர் காலியாக இருப்பதும் அப்படியே. தேதி வெட்டும் வரி பிழைத்து, ‘டி டிரைவில் இந்தத் தேதி ஃபோல்டரை அழி’ என்பதில் தேதி மட்டும் காலியானால், மீதி இருப்பது டி டிரைவ்.

விண்டோஸில் பழையதை அழிக்கப் பலரும் பயன்படுத்துவது ‘ஃபார்ஃபைல்ஸ்’. அது ஃபைலின் பெயரில் நீங்கள் பாடுபட்டு எழுதிய தேதியைப் பார்ப்பதில்லை. கடைசியாக ஃபைல் மாற்றப்பட்ட தேதியைப் பார்க்கும். ரோபோகாப்பியோ நகலெடுக்கும்போது மூலத்தின் மாற்றத் தேதியை அப்படியே கொண்டுபோகும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 2022-இல் முடித்து அதற்குப் பிறகு தொடாத ஒரு வாடிக்கையாளரின் கணக்கை இன்றிரவு நகலெடுக்கிறது. அடுத்த வரியில் ஃபார்ஃபைல்ஸ் வந்து ஃபைல் ஃபைலாக உள்ளே இறங்கி, ‘இது முப்பது நாளுக்கு மேல் பழசு’ என்று அதை அப்போதே அழிக்கிறது. நகலுக்கு ஆயுள் சில விநாடி. தினமும் புழங்கும் கணக்குகள் மட்டும் பேக்கப்பில் நிற்கும். திறந்து பார்க்கும்போது கண்ணில் படுவதும் அவையே என்பதால் யாருக்கும் சந்தேகமே வராது.

இன்னொன்று: நகல் நின்றுபோன பிறகும் அழிப்பது நிற்காது. ஹார்ட்டிஸ்க் முகவரி மாறி நகல் வரி தோற்றுக்கொண்டே இருக்கும். அழிக்கும் வரி தினம் ஒரு நாள் பழையதைக் கழித்துக்கொண்டே வரும். முப்பத்தோராம் நாள் ஃபோல்டர் சுத்தமாக இருக்கும். நாட்கணக்கில் அழிக்காமல், ‘புதியவற்றில் முப்பதை விட்டுவிட்டு மீதியை அழி’ என்று எண்ணிக்கையில் எழுதினால் இந்தக் கதி வராது. நகல் வரி எட்டுக்குக் கீழே எண் தந்தால் மட்டும் அழிக்கும் வரிக்குப் போ என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் இன்னும் நல்லது. ஹார்ட்டிஸ்க் இப்போது விற்கிற விலைக்கு, சின்ன அலுவலகத்தில் அழிக்கும் வரியே வேண்டாம் என்பதும் பைத்தியக்கார யோசனை இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு மனிதர் உட்கார்ந்து, பார்த்து, கையால் அழிக்கட்டும்.

எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்பதைச் சட்டமே பாதி சொல்லிவிடுகிறது. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 128-ஆம் பிரிவுப்படி கணக்குப் புத்தகங்கள் எட்டு நிதியாண்டுகளுக்கு இருக்க வேண்டும். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவு, ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் என்கிறது. கம்பெனிகள் மின்னணு முறையில் வைத்திருக்கும் கணக்கின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில், முன்பு அவ்வப்போது என்றிருந்தது மாறி, 2022 ஆகஸ்டிலிருந்து தினமும் வைக்கப்பட வேண்டும் என்று விதி திருத்தப்பட்டிருக்கிறது. சட்டத்தில் எட்டு வருடம், பேட்ச் ஃபைலில் முப்பது நாள். தினசரி நகல் அத்தனையும் எட்டு வருடம் வேண்டியதில்லை. ஆனால் மார்ச் 31-இன் நகலை அழிக்கும் வரி எட்டிப் பார்க்காத இடத்தில் தனியே வைக்க வேண்டும்.

நாடா சுற்றும் காலத்திலேயே கணினிக்காரர்கள் இதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். தினசரி நகல் மகன், வார நகல் அப்பா, மாத நகல் தாத்தா. மகன்கள் சீக்கிரம் சீக்கிரம் மாறுவார்கள், தாத்தா நெடுநாள் இருப்பார். பெயரனே பேரன் ஆனான் என்று சொல்லி, தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊரில் இதைப் புரியவைப்பது சுலபம். ஒரே எச்சரிக்கை, இங்கே பேரனுக்குத் தாத்தா பெயரை வைத்துவிடக் கூடாது. வைத்தால் தாத்தா போய்விடுவார்.

தமிழில் ஃபோல்டர் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். ‘வரவு செலவு’ என்ற ஃபோல்டர், நகலெடுக்கும் பெரிய ஃபோல்டருக்குள் இருந்தால் ரோபோகாப்பி அதைப் பத்திரமாகக் கொண்டுபோகும். அந்தப் பெயரையே பேட்ச் ஃபைலுக்குள் தட்டச்சு செய்தால்தான் கேள்விக்குறிகளாக உதிரும். முதல் வரியிலேயே எழுத்துக் குறியாக்கத்தை யூடிஎஃப்-8க்கு மாற்றும் கட்டளையை, 65001 என்ற எண்ணோடு, எழுதிவிட்டால் பெரும்பாலும் சரியாகும்.

எங்கே வைப்பது என்பதும் பெயரைப் போலவே முக்கியம். 2015 டிசம்பர் முதல் நாட்களில் அடையாறு கரை மீறிச் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் தரைத்தளங்களுக்குள் புகுந்தபோது, கணினியும் அதற்குப் பக்கத்து மேசை இழுப்பறையில் இருந்த ஹார்ட்டிஸ்கும் ஒரே தண்ணீரில் நின்றன. 2017 மே 12-இல் பரவிய வானாகிரை என்ற பணம் பறிக்கும் கெடுநிரல், கணினியில் செருகியிருந்த வெளி டிரைவ்களிலும் புகுந்து பூட்டியது. எப்போதும் செருகியே இருக்கும் ஹார்ட்டிஸ்க் அதற்கு இன்னொரு ஃபோல்டர், அவ்வளவுதான். பீட்டர் கிராக் என்ற புகைப்படக்காரர் சொல்லிப் பரவிய கணக்கு ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில். அந்த மூன்றாவது எவ்வளவு பெறும் என்பதைப் பிக்ஸார் அறியும். 1998-இல் ‘டாய் ஸ்டோரி 2’ தயாராகிக்கொண்டிருந்தபோது தவறான ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. பேக்கப்பைத் தேடினால் அது ஒழுங்காக வேலை செய்யவில்லை. குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மன் வீட்டில் ஒரு பிரதி இருந்தது. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்து, குழந்தையைக் கொண்டுவருவது போலக் கொண்டுவந்தார்கள்.

கடைசியாக ஒரு கதை. 2017 ஜனவரி 31 இரவு, உலகம் முழுவதும் நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட்லேப் நிறுவனத்தில் களைத்துப்போன ஒரு பொறியாளர் தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். 300 ஜிபி தரவுத்தளத்தில் நிறுத்துவதற்குள் மிஞ்சியது சுமார் 4.5 ஜிபி. பேக்கப் ஐந்து வகையில் இருந்தது. தினசரி நகல் சேர வேண்டிய இடத்தைத் திறந்தால் காலி. நகலெடுக்கும் நிரல் பழைய பதிப்பு, தரவுத்தளம் புதிய பதிப்பு. பொருந்தாமல் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்ல மின்னஞ்சலும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. அந்த மின்னஞ்சல்களை அஞ்சல் சர்வர் ஏற்காமல் திருப்பிவிட்டது. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது.

ஆகவே பேட்ச் ஃபைல் ஓடி முடிந்ததும் ஒரு பதிவு எழுதட்டும். மறுநாள் காலை கணினி திறந்ததும் அந்தப் பதிவு தானாகத் திரையில் வரட்டும். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மதியம், ஏதாவது ஒரு தேதி ஃபோல்டரை வேறொரு கணினியில் எடுத்துப் போட்டு, டேலியில் திறந்து, அந்தத் தேதியின் ரொக்க இருப்பை டே புக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை. ட்ரையல் பேலன்ஸை ஒத்துப் பார்க்காமல் மூடாத கை உங்களுடையது. உங்களுக்கு இது புதிதில்லை.

இப்படிக்கு,
பேட்ச் ஃபைல்களை நேசிக்கும், ஆனால் நம்பாத ஒரு வாசகர்

பின்குறிப்பு: நோட்பேடில் சேமித்த பேட்ச் ஃபைலை இருமுறை சொடுக்கினால் ஓடாமல் நோட்பேடே திறக்கிறதா? வால் புள்ளி பேட் என்று தெரிந்தாலும், விண்டோஸ் மறைத்து வைத்த இன்னொரு வால், புள்ளி டிஎக்ஸ்டி, அதற்குப் பின்னால் இருக்கும். ஓடுகிறது, ஆனால் நிற்காமல் தன்னைத்தானே மறுபடி மறுபடி தொடங்குகிறதா? ஃபைலுக்கு ‘ரோபோகாப்பி’ என்றே பெயர் வைத்திருப்பீர்கள். உள்ளே ரோபோகாப்பி என்று கூப்பிட்டதும் பக்கத்திலேயே இருக்கும் தன்னையே அது கூப்பிட்டுக்கொள்கிறது. வேறு பெயர் வையுங்கள்.